எங்களை அந்த வள்ளத்தில் ஏற்றியது யார்?

1993 ஜனவரி 2 ஆம் திகதி யாழ் குடாநாட்டின் கிளாலிக் கடலில் சனம் ஏறிப்போன வள்ளங்களை இலங்கைக் கடற்படை மறித்துச் சுட்டது. ஏறியிருந்தவர்கள் பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள், பெட்டி படுக்கையோடு கொழும்புக்கு வெளிக்கிட்டவர்கள். வள்ளங்கள் தாண்டு போயின. சில உடல்கள் கரைக்கு வந்தன, சிலது வரவே இல்லை. சர்வதேச மன்னிப்புச் சபை அதை எழுதியது. தடைசெய்யப்பட்ட வலயத்துக்குள் வந்த படகுகள் என்றது கொழும்பு. அந்த ஒரு சொல்லோடு கணக்கை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த வருடம் முழுக்க அந்தக் கடலில் சனம் செத்தது.

சுட்டவன் தண்டிக்கப்படவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எங்களோடு கிடக்கட்டும். அதைவிட ஆழத்தில் கிடந்து எரிகிற ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கான சனத்துக்கு இருந்த தரைப்பாதையை மூடி, தோணிப்பாதையை மூடி, உப்புவெளியில் கால்நடையாய்ப் போன பாதையையும் மூடி, கடைசியில் விளக்கில்லாத வள்ளத்தில் ஏற வைத்தார்களே, அவர்கள் யார்? அவர்களுக்குப் பெயர் இருந்தது, பதவி இருந்தது, கையொப்பம் இருந்தது. அவர்களில் ஒருவரை இன்றுவரை எந்த விசாரணையும் கூப்பிட்டு, "ஏன் மூடினாய்?" என்று கேட்டதில்லை. நான் கேட்கிறேன். எனக்கு அதற்கு உரிமை இருக்கிறது, நானும் அந்த வள்ளத்தில் ஏறியவன்.

எனக்கு ஊர் பண்டத்தரிப்பு. எங்களுக்கு மாதகல் கடல் பக்கத்தில் கிடக்கிறது, சைக்கிளில் ஏறினால் கொஞ்ச நேரம். அப்போது அந்தக் கடலில் வலை போடவும் தடை. வெளியுலகத்துக்குப் போக வேண்டுமென்றால் குடாநாட்டின் மற்ற அந்தத்துக்குப் போக வேண்டும். மானிப்பாய், யாழ்ப்பாணம், நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் என்று மிதித்து மிதித்துக் கிளாலிக்குப் போய்ச் சேரப் பொழுதுபட்டுவிடும். போனவர்கள் உல்லாசத்துக்குப் போகவில்லை. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து, "கொழும்புக்குக் கொண்டுபோங்கோ" என்று எழுதிக் கொடுக்கப்பட்ட நோயாளிகள் போனார்கள். வெளிநாட்டில் கலியாணம் பேசி முடித்த பெட்டைகள் போனார்கள். பாஸ்போட்டுக்கும் வேலைக்கும் பெடியள் போனார்கள். வன்னியில் வயல் வைத்திருந்த கமக்காரர், இந்தப் பக்கம் ஒரு மூட்டை நெல்லாவது கொண்டுவரலாமா என்று பார்த்த சில்லறை வியாபாரிகள், கொழும்பில் பிள்ளை செத்த செய்தி வந்த தாய்மார், எல்லாரும் போனார்கள். 1820 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் கடல் கடந்து வந்து எங்கள் பண்டத்தரிப்பில் இருந்து நோயாளிகளைப் பார்த்தார். நூற்றியெழுபது வருடத்துக்குப் பிறகு அதே ஊர் நோயாளி ஒரு வைத்தியரைப் பார்க்க இருட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் கடக்க வேண்டியிருந்தது.

பாதை தானாக மூடுபடவில்லை. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் ஆனையிறவு வழியான கண்டி வீதி நின்றது. அந்த முகாமைச் சுற்றி 1991 இல் நடந்த பெருஞ்சமருக்குப் பிறகு அந்த வழியைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. கேரதீவில் இருந்து சங்குப்பிட்டிக்குப் போகிற பழைய துறை மிஞ்சியிருந்தது. பூநகரியில் படைமுகாம் எழுந்து நாகதேவன்துறையில் கடற்படை வந்து குந்தியதும் அதுவும் போயிற்று. பிறகு கொம்படி, ஊரியான் வெளி. முழங்கால் தண்ணியில், சேற்றில், சைக்கிளைத் தோளில் சுமந்து, உழவு இயந்திரப் பெட்டியில் கிழவிகளை ஏற்றி, சனம் அதாலே போனது. அதையும் அடித்து மூடினார்கள். அதற்குப் பிறகுதான் கிளாலி. ஒரு கதவை அடைத்தால் சனம் அடுத்த கதவுக்குப் போகும் என்பது கொழும்பில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? ஒவ்வொரு முறையும் அடுத்த கதவு முந்தினதை விடக் கொடியதாக இருந்தது. கடைசிக் கதவில் கடற்படையை நிறுத்தினார்கள்.

அந்தப் பயணத்தைச் செய்யாதவர்களுக்கு நான் சொல்ல வேண்டும். கிளாலியில் சென் யாகப்பர் கோயில் இருக்கிறது, பெருநாளுக்குச் சைவச் சனமும் போகிற கோயில். அந்தக் கரைக்குப் பின்னேரமே சனம் வந்து குவிந்துவிடும். கால்சட்டையை, சாறத்தை, சீலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் வைத்து, உடுப்புப் பையை உரப்பைக்குள் போட்டுத் தலையில் வைத்து, கன தூரம் தண்ணிக்குள் நடந்துதான் வள்ளத்தைப் பிடிக்க வேண்டும். கரையோரம் ஆழம் இல்லை. இயந்திரம் பூட்டிய ஒரு வள்ளம் முன்னுக்கு, அதன் பின்னால் கயிற்றில் தொடுத்த வள்ளங்கள். எரிபொருளுக்குத் தடை இருந்த காலம் அது. ஒரு இயந்திரத்தின் எண்ணெயில் எத்தனை பேரை இழுக்க முடியுமோ அத்தனை பேரை இழுத்தார்கள். விளிம்பு தண்ணியைத் தொடும். பிடிக்க ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருப்பவரின் தோள்தான். "கதைக்காதேங்கோ, சுருட்டைப் பத்தாதேங்கோ, பிள்ளை அழுதா வாயைப் பொத்துங்கோ" என்று ஓட்டி சொல்லுவான். ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் இருப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று அவள் இடைக்கிடை தன் கன்னத்தை அதன் மூக்கடியில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அந்தத் தாயை அங்கே இருத்தியது கடலும் இல்லை, விதியும் இல்லை. ஒரு அமைச்சின் மேசையில் எடுத்த முடிவு அவளை அங்கே இருத்தியது.

நடுக்கடலில் கடற்படைக்காரன் வானத்தில் பரா வெளிச்சம் அடிப்பான். கடல் முழுக்க பகல் மாதிரி ஆகிவிடும். அப்போது எல்லாரும் குனிவார்கள். குனிந்து என்ன பயன், எல்லாரும் ஒரே பலகையில்தானே. ஆனாலும் குனிவார்கள். பூநகரிப் பக்கம் இருந்து இயந்திரச் சத்தம் கேட்டால் ஓட்டி கயிற்றை வெட்டிவிடலாம் என்ற பயம் பின்வள்ளத்தில் இருந்தவர்களுக்கு. வெட்டாமல் விட்டால் எல்லாரும் போவோம் என்ற பயம் முன்வள்ளத்தில் இருந்தவர்களுக்கு. மனிசரை மனிசருக்குப் பயப்பட வைத்தார்கள்.

"அது தடைசெய்யப்பட்ட வலயம், சனம் ஏன் வந்தது?" என்று அரசாங்கம் கேட்டது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் வலயம் அறிவித்தால், அதற்குள் கால் வைத்த கிழவியும் படையாள் ஆகிவிடுவாளா? உலகத்தின் எந்தப் போர்ச்சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு இடத்தைத் தடை என்று அறிவிக்கலாம். அதற்குள் வந்த சாதாரண சனத்தைச் சுடும் அதிகாரம் அந்த அறிவிப்பால் யாருக்கும் வந்துவிடாது. ஜெனீவாவில் 1949 இல் எழுதிய உடன்படிக்கைகளில் உள்நாட்டுப் போருக்கென்றே ஒரு பொது உறுப்புரை இருக்கிறது. சண்டையில் பங்கெடுக்காதவரைக் கொல்லக்கூடாது என்பதுதான் அது போடுகிற முதல் தடை. இலங்கை அதில் ஒப்பமிட்ட நாடு. அதோடு, எங்களைச் சட்டம் மீறியவர்கள் என்று சொல்ல முதல், சட்டப்படி நாங்கள் போகக்கூடிய பாதை எது என்று காட்டியிருக்க வேண்டாமா? ஒன்றுமே இல்லை. போகக்கூடிய ஒவ்வொரு வழியும் தடை, இருக்கிற இடத்தில் பட்டினியும் குண்டும். பற்றரி தடை, பெற்றோல் தடை, சீமெந்து தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தோம். அந்தப் பிள்ளை சோதனை பாஸ் பண்ணினால் கிளாலியால்தான் போக வேண்டும்.

அப்போது நாட்டின் தலைவர் ரணசிங்க பிரேமதாச. 1993 மே முதலாம் திகதி அவர் கொல்லப்பட, டி.பி. விஜேதுங்க வந்தார். நாட்டில் இனப்பிரச்சினை என்று ஒன்று இல்லை, பயங்கரவாதப் பிரச்சினைதான் உண்டு என்பது அவருடைய நிலைப்பாடு. இலங்கை அரசியலமைப்பின்படி ஜனாதிபதிதான் முப்படைகளின் தளபதி. அப்படியென்றால் கிளாலியில் தாண்ட ஒவ்வொரு வள்ளமும் அந்த மேசைக்குப் போகிற கணக்கு. ஒரு சிப்பாய் தன்பாட்டில் வெறிகொண்டு செய்தான் என்று சொல்லி மேலே இருந்தவர்கள் தப்ப முடியாது. ஒரு நாள் நடந்திருந்தால் அப்படிச் சொல்லலாம். மாதக்கணக்காக ஒரே கடலில் ஒரே விதமாக நடந்தால் அது கொள்கை.

இனி எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் செத்தவர்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். கிளாலிப் பாதையை நடத்தியது விடுதலைப் புலிகள். வள்ளத்துக்குக் காசு எடுத்தார்கள். ஊரை விட்டு வெளிக்கிட பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை வைக்க ஆள் வேண்டும். அதே கடலால் தங்கள் ஆட்களையும் பொருட்களையும் கொண்டுபோனார்கள், சனத்துக்குக் காவல் என்று சொல்லிக் கடற்படையோடு மோதினார்கள். அந்தக் காவலில் செத்த பெடியளும் எங்கள் பெடியள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சனம் போகிற பாதையும் சண்டைக்காரன் போகிற பாதையும் ஒன்றாக இருக்கும் வரைக்கும் சனத்துக்குச் சாவு நிச்சயம் என்று தெரிந்துகொண்டே அதை ஒன்றாக வைத்திருந்தார்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான ஆணையகம் சங்குப்பிட்டிப் பாதையைச் சனத்துக்கென்று திறக்கப் பேசிப் பார்த்தது. அரசாங்கம் ஒரு நிபந்தனை வைத்தது, இயக்கம் இன்னொரு நிபந்தனை வைத்தது. யார் எந்த முகாமை எங்கே வைத்திருப்பது, யார் யாரைச் சோதிப்பது என்பதில் பேச்சு இறுகி நின்றது. அந்தப் பேச்சு இழுபட்ட ஒவ்வொரு மாதமும் கிளாலியில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் எங்களுடைய பாதை பேரம் பேசுகிற பொருள்.

இதே ஆட்டம் 1995 இலும் நடந்தது. சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்து, 1995 ஜனவரி 8 இல் சண்டை நிறுத்தம் தொடங்கியபோது பண்டத்தரிப்புச் சந்தியில் சனம் சிரித்துக் கதைத்ததை நான் பார்த்தேன். "பாதை திறக்கப் போறாங்களாம்" என்பதுதான் எல்லா வாயிலும். கடிதங்கள் போயின, கடிதங்கள் வந்தன. பூநகரி முகாமை எடு என்றது ஒரு பக்கம். முகாமைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுகிறோம், பாதையைத் திறக்கலாம் என்றது மற்றப் பக்கம். ஏப்ரல் 19 இல் திருகோணமலையில் கடற்படைக் கலங்களைப் புலிகள் தகர்த்தார்கள், யுத்தம் திரும்பி வந்தது. அதே வருடம் ஒக்டோபர் 30 இல் அந்த யுத்தத்துக்குப் பயந்து எங்கள் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று அதில் நின்றவர்களைக் கேட்க வேண்டும். பண்டத்தரிப்பில் வீடு, மாடு, கிணறு, கொடியில் காய்ந்த உடுப்பு எல்லாம் விட்டது விட்டபடி. அந்தச் சனத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் மறுபடியும் அதே கிளாலிக் கரைக்குப் போய், அதே கடலைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். நடுவில் பேச்சு நடந்து, கைகுலுக்கிப் படம் எடுத்து, எல்லாம் முடிந்த பிறகும் சனத்துக்கு மிஞ்சியது அதே வள்ளம்.

2002 ஏப்ரலில் முகமாலையில் கண்டி வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11 இல் திரும்பவும் மூடியது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டியில் பாலம் திறந்தார்கள். இன்றைக்குப் பேருந்தில் இருந்து பார்த்தால் கண் மூடித் திறக்க முதல் அந்தப் பாலம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை அதில் போகும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பெடியள் ஜன்னலால் படம் எடுக்கிறார்கள், அவர்களில் ஒரு பிழையும் இல்லை. ஒரு கையெழுத்தில் மூடியதை இன்னொரு கையெழுத்தில் திறக்க முடிந்தது அல்லவா? அப்படியென்றால் 1993 இலும் திறந்திருக்கலாம். கடல் மாறவில்லை, கரை மாறவில்லை. செத்தவர்கள் செத்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான் அந்தப் பாலம் எனக்குச் சொல்லுகிறது.

உலகம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை. 1915 மே 7 இல் ஜேர்மன் நீர்மூழ்கி அயர்லாந்துக்குக் கிட்ட லூசிற்றானியா என்ற பயணிகள் கப்பலைத் தாழ்த்தியது. பதினெட்டு நிமிடத்தில் கப்பல் போனது, 1,198 பேர் செத்தார்கள். அடுத்த மாதமே லண்டனில் மேர்சி பிரபு தலைமையில் விசாரணை. அந்த விசாரணை முழு உண்மையையும் சொன்னதா, கப்பலைக் காக்க வேண்டிய கடற்படைத் தலைமையின் பிழையை மூடியதா என்று நூறு வருடம் கழிந்தும் எழுதுகிறார்கள், வாதாடுகிறார்கள். ஏனென்றால் அந்த நாட்டுச் சனத்துக்குத் தெரியும், குண்டு போட்டவனோடு பொறுப்பு முடிவதில்லை என்று.

எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஸ்ட்ரூமா. ஹிட்லருக்குப் பயந்து ருமேனியாவில் இருந்து பாலஸ்தீனத்துக்கு வெளிக்கிட்ட ஏறத்தாழ 780 யூதர்கள் ஏறிய பழைய கப்பல். இயந்திரம் பழுதாகி 1941 டிசம்பரில் இஸ்தான்புல்லில் வந்து நின்றது. பாலஸ்தீனத்தை ஆண்ட பிரித்தானியா அனுமதி கொடுக்கவில்லை. துருக்கி கரையில் இறங்க விடவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் அந்தச் சனம் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தது. பிறகு துருக்கி அதை இழுத்துக்கொண்டு போய், இயந்திரம் ஓடாத நிலையில், கருங்கடலில் விட்டது. 1942 பெப்ரவரி 24 இல் சோவியத் நீர்மூழ்கி ஒன்றின் குண்டு பட்டுத் தாண்டது. ஒரே ஒருவர் தப்பினார். குண்டு சோவியத்தின் குண்டு. ஆனால் லண்டனையும் அங்காராவையும் விட்டுவிட்டு அந்தக் கதையை யாராவது சொல்லுவார்களா? கதவை அடைத்தவர்களின் பெயர் அந்த வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. கிளாலியின் வரலாற்றில் எங்கே எழுதியிருக்கிறது?

கிளாலிக்கு முதலே பாடம் ஒன்று கிடைத்திருந்தது. 1985 மே 15. நெடுந்தீவு மாவலித்துறையில் இருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினிப் படகு. போர்ப்படகு இல்லை, கடத்தல் படகு இல்லை, தீவுச் சனத்துக்குப் பேருந்து மாதிரி நாளாந்தம் ஓடுகிற படகு. நடுக்கடலில் மறித்து ஏறினார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டினார்கள். தப்பியவர்கள் செத்தவர்களுக்குக் கீழே செத்தவர்கள் மாதிரிக் கிடந்து தப்பினார்கள். செத்தவர்களில் ஏழு மாதக் குழந்தை ஒன்று. 36 பேர் என்று நெடுந்தீவு ஆண்டுதோறும் எண்ணி விளக்கு வைக்கிறது. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள், மன்னிப்புச் சபை விபரம் திரட்டி அரசாங்கத்துக்கு அனுப்பியது. அப்போது ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன, தேசிய பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலி. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அடுத்த வருடம் ஜூன் 10 இல் மண்டைதீவுக் கடலில் குருநகர்த் தொழிலாளர் 31 பேர். அதற்கும் இல்லை. குமுதினிக்கு 1985 இல் ஒரே ஒரு அதிகாரியை நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால், 1993 இல் நாகதேவன்துறையில் இருந்தவன் துவக்கைத் தூக்க முதல் ஒரு கணம் யோசித்திருப்பான். யோசிக்கத் தேவையில்லை என்று அவனுக்குப் படிப்பித்தது அந்த எட்டு வருட மௌனம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருக்கிறாள். பெயர் வேண்டாம். தகப்பன் மகனைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு கிளாலி மட்டும் போய், வள்ளம் ஏற்றிவிட்டுத் தனியத் திரும்பி வந்தார். மகன் வவுனியாவுக்குப் போய்ச் சேரவில்லை. எந்தத் துவக்கு, எந்த வள்ளம், சுட்டதா, தானாய்த் தாண்டதா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. உடல் வரவில்லை. தகப்பன் அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளை எடுக்கவில்லை, கூரைக்குக் கீழே சாத்தினபடி கிடந்து கறள் பிடித்தது. அவர் கொஞ்ச வருடத்தில் போய்விட்டார்.

அந்தத் தாயோடு நான் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். காணி உறுதி மாற்ற மகனின் மரணச் சான்றிதழ் வேண்டும். படிவத்தில் மரணம் நிகழ்ந்த இடம் என்று ஒரு கூடு இருந்தது. அவள் "கிளாலிக் கடல்" என்றாள். எழுதுநர் பேனையை வைத்துவிட்டு, "அம்மா, கடல் எண்டு எழுதேலாது, கிராம சேவையாளர் பிரிவு சொல்லுங்கோ" என்றார். அவர் கெட்ட மனிசன் இல்லை, அவருடைய படிவம் அப்படி. அவள் கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் செத்ததெண்டு சொல்ல வரேல்ல தம்பி. எங்க எண்டு சொல்லத்தான் வந்தனான்" என்றாள். எழும்பி வந்துவிட்டோம். காணி மாறவில்லை. பிறகு ஒரு விசாரணையில், "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று அவளிடம் கேட்டார்களாம். என்ன நடந்தது என்று கேட்க முதலே அதைக் கேட்டார்களாம். அவள் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை.

ஆணைக்குழுக்கள் வந்தன. கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2010 இல் நியமிக்கப்பட்டது. அது விசாரிக்க வேண்டிய காலம் 2002 பெப்ரவரி 21 இல் இருந்து 2009 மே 19 வரை. ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தின் விசாரணை 2015 இல் அறிக்கை தந்தது. அதுவும் 2002 இல் இருந்துதான் தொடங்கியது. கிளாலி 1993. குமுதினி 1985. எங்கள் செத்தவர்கள் திகதிக்கு வெளியே செத்துவிட்டார்கள். காணாமற்போனோர் பற்றிய பரணகம ஆணைக்குழுவின் காலம் பின்னுக்கு நீண்டது, சனம் வரிசையில் நின்று முறைப்பாடு எழுதிக் கொடுத்தது. 2016 இல் காணாமற்போன ஆட்கள் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, காணப்படாமைச் சான்றிதழ் வந்தது. ஆட்களைத் தேடும் அலுவலகம் யாரையும் குற்றவாளி என்று சொல்லும் அலுவலகம் இல்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பாதையை மூடியவன் யார் என்று கேட்க எந்த ஆணைக்குழுவுக்கும் யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

1998 செப்டெம்பர் 29 ஐயும் நான் சொல்ல வேண்டும். பாதை இல்லாத காலத்தில் பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் பறந்த லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர், அநேகமாகத் தமிழர். அதைச் சுட்டு வீழ்த்தியவர்கள் புலிகள் என்றுதான் எல்லாத் தடயமும் சொல்லுகிறது. யாழ்ப்பாணச் சனத்தை ஏற்ற வேண்டாம் என்று விமானக் கம்பெனிகளுக்கு அவர்கள் எச்சரிக்கை விட்டிருந்தார்கள். சிதைவுகள் இரணைதீவுக்கு அண்மையில் கிடைத்தது 2012 இல். கடற்படை கொன்றால் விளக்கு வைக்கிறோம், இயக்கம் கொன்றால் வாய் மூடுகிறோம். அந்த 55 பேரின் வீட்டுக்காரர் எங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள்? வானத்தாலும் போகாதே, தரையாலும் போகாதே, தண்ணியாலும் போகாதே என்று எங்களுக்குச் சொன்னவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

நாடாளுமன்றத்தில் வடக்கின் பெயரால் குந்தியிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். மே மாதம் விளக்கு வைக்க வருகிறீர்கள், மாலை போடுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது. கிளாலிக் கடலேரியைத் தடை வலயம் ஆக்கிய உத்தரவு யாருடைய கையொப்பத்தில் போனது? அதை நாடாளுமன்ற மேசையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நாகதேவன்துறையில் இருந்து எந்தெந்த நாளில் எந்தக் கலம் வெளிக்கிட்டது, திரும்பி வந்து என்ன அறிக்கை எழுதியது என்பதற்குக் கடற்படையில் பதிவேடு இருக்கும், ஒரு கடற்படை பதிவில்லாமல் எண்ணெய் அடிக்காது. அதைக் கேளுங்கள். சங்குப்பிட்டியைத் திறக்கச் சொல்லிப் பேசிய கடிதங்கள் கொழும்பிலும் ஜெனீவாவிலும் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றை வெளியில் எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு இயக்கத்தின் பாஸ் அலுவலகத்தில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். எந்த நாள் எந்த வள்ளத்தில் யார் ஏறினார்கள் என்ற பட்டியல் உங்கள் கையால் எழுதப்பட்டது, ஐயாமாரே. அதைக் கொண்டுவந்து தாருங்கள். எந்த வள்ளம் என்ற பதிலாவது ஒரு தாய்க்குக் கிடைக்கும்.

விசாரணைக்கு 2002 என்று ஒரு கோடு போட யாருக்கும் உரிமை இல்லை. 1985 இல் இருந்து தொடங்குங்கள். முதலாம் சாட்சியாக என்னைக் கூப்பிடுங்கள். என்னோடு அந்த வள்ளத்தில் இருந்து கரை ஏறியவர்கள் பண்டத்தரிப்பிலும் சில்லாலையிலும் வடலியடைப்பிலும் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கண் மங்கினாலும் எங்களுக்கு அந்த இரவு தெரியும், சாட்சிக் கூண்டில் ஏறி நின்று சொல்லுவோம். செத்த ஜனாதிபதிக்கும் செத்த இயக்கத் தலைவருக்கும் இனித் தண்டனை கொடுக்க ஏலாது என்று சொல்லாதீர்கள். தீர்ப்பில் அவர்களுடைய பெயரை எழுத முடியும். அந்தப் படிவத்தில் "கிளாலிக் கடல்" என்று எழுத முடியும். இரண்டையும் எழுதிக் கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி, எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவந்து அந்தத் தாயின் கையில் கொடுங்கள். அவளுக்கு எண்பத்திநாலு வயது, இனித் தவணை கொடுக்காதீர்கள்.